கருனித் தடப்பதிவில் கடிகாரப் பெயர்கள்: பொருளும் பெயர்ப்பும்

1. முன்னுரை

கணிப்பொறித் துறையின் ஆவணங்களைத் தமிழில் பெயர்க்கும்போது புதிய சொற்களே இடர் தருவன என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இதற்கு முன் தமிழில் இல்லாத ஒரு கருவிக்கோ செயலுக்கோ சொல் படைப்பது கடினம் என்பது உண்மையே. ஆயினும் அத்தகைய இடங்களில் மொழிபெயர்ப்பாளர் விழிப்பாக இருக்கிறார். அன்றாட வழக்கிலுள்ள எளிய சொற்கள் சிறப்புப் பொருளில் வருமிடங்களில்தான் அவ்விழிப்புத் தளர்கிறது. சொல் தெரிந்த சொல்லாதலால் பொருளும் தெரிந்ததாகவே கொள்ளப்படுகிறது.

இதற்குத் தக்க சான்றாக லினக்ஸ் இயங்குதளத்தின் தடப்பதிவு ஆவணத்தில் கடிகாரங்களை விளக்கும் பகுதியைக் கொள்ளலாம். அப்பகுதி அளவிற் சிறியது. பத்துக்கு மேற்பட்ட கடிகாரப் பெயர்களும் ஒவ்வொன்றுக்கும் சில வரி விளக்கமுமே அதில் உள்ளன. 'லோக்கல்', 'குளோபல்', 'கவுண்ட்டர்', 'அப்டைம்', 'பூட்' முதலிய பெயர்களுள் பெரும்பாலானவை ஆங்கிலம் ஓரளவு அறிந்தவர்க்கும் விளங்கக்கூடியவை. எனினும் இவற்றை அகராதிப் பொருளில் பெயர்த்தால் படிப்பவர் தவறான முடிவுக்கே வருவார். அது எவ்வாறு நேர்கிறது என்பதையும், அதனைத் தவிர்க்கும் வழியையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. தடப்பதிவும் நேரக்குறியும்

இயங்குதளத்தின் உட்பகுதி கருனி எனப்படும். வன்பொருளுக்கும் பயனர் இயக்கும் நிரல்களுக்கும் இடையே நின்று செயலகம், நினைவகம், பிற கருவிகள் ஆகியவற்றைப் பங்கிட்டளிப்பது அதுவே. கருனிக்குள் ஒரு நொடியில் பல்லாயிரம் நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. அவற்றுள் வேண்டியவற்றை நிகழும்போதே குறித்துவைத்துப் பின்னர் ஆராய்வதைத் தடப்பதிவு எனலாம். லினக்ஸ் கருனியில் இப்பணியைச் செய்யும் 'எஃப்டிரேஸ்' என்னும் அமைப்பு ஸ்டீவன் ராஸ்டெட் என்பவரால் உருவாக்கப்பட்டு, 2008ஆம் ஆண்டில் வெளிவந்த 2.6.27ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது.

ஒவ்வொரு பதிவிலும் நிகழ்ச்சியின் பெயர், அது நிகழ்ந்த செயலகத்தின் எண், நேரக்குறி ஆகியவை இடம்பெறுகின்றன. இன்றைய கணிப்பொறியில் செயலகங்கள் பல உள்ளன. பதிவுகள் செயலகந்தோறும் தனித்தனியே சேமிக்கப்படுகின்றன. படிக்கும்போது நேரக்குறியை அடிப்படையாகக் கொண்டு அவை ஒரே வரிசையாக அடுக்கப்படுகின்றன. எனவே நேரக்குறி பிழைபட்டால் நிகழ்ச்சிகளின் முன்பின் வரிசையும் பிழைபடும்.

எடுத்துக்காட்டாக, 0 என்னும் செயலகம் உறங்கிக்கிடந்த ஒரு பணியை எழுப்புகிறது. 1 என்னும் செயலகத்தில் அப்பணி ஓடத் தொடங்குகிறது என்று கொள்வோம். முதல் நிகழ்ச்சிக்கு 512.000140 நொடி என்றும், இரண்டாவதற்கு 512.000125 நொடி என்றும் நேரக்குறி அமையின், எழுப்புவதற்கு 15 மைக்ரோநொடி முன்பே பணி எழுந்துவிட்டதாகப் பதிவு காட்டும். காரியம் முன்னும் காரணம் பின்னுமாக நிற்கும் இவ்வரிசையை நம்பிப் பழுது தேடுபவர் குற்றமற்ற பகுதியைக் குற்றமுடையதெனக் கொள்ள நேரும். உண்மையில் பிழையுடையது நிரலன்று. இரு செயலகங்களின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமையே இதற்குக் காரணம்.

இக்குறையை நீக்க எல்லாவற்றிலும் சிறந்த ஒரு கடிகாரத்தை வைத்துக்கொள்ளலாகாதா என்னும் வினா எழலாம். ஒரு நிகழ்ச்சியைப் பதியும்போது கடிகாரத்தைப் பார்ப்பதற்கும் நேரம் செலவாகிறது. அச்செலவு மிகுந்தால் ஆராயப்படும் நிகழ்ச்சியின் போக்கே மாறிவிடும். துல்லியம், விரைவு, செயலகங்களுக்கிடையே ஒப்புமை, வெளியுலக நேரத்தோடு தொடர்பு ஆகிய எல்லாவற்றையும் ஒரே கடிகாரம் நிறைவாகத் தருவதில்லை. ஆதலால் பல கடிகாரங்களை வைத்து, வேண்டியதைத் தெரிந்துகொள்ளும் உரிமையைப் பயனருக்குக் கருனி அளிக்கிறது. 'டிரேஸ் கிளாக்' என்னும் கோப்பைப் படித்தால் கிடைக்கும் கடிகாரங்களின் பெயர்கள் வரிசையாகத் தோன்றும்; நடப்பிலுள்ளது சதுர அடைப்புக்குள் இருக்கும். வேறொன்றின் பெயரை அக்கோப்பில் எழுதினால் கடிகாரம் மாறும். அவ்வாறு மாற்றும்போது அதுவரை சேர்ந்த பதிவுகள் அழிக்கப்படுகின்றன. இரு வேறு கடிகாரங்களின் குறிகள் ஒரே வரிசையில் கலந்தால் அவ்வரிசைக்குப் பொருளிராது.

3. கடிகார மூலமும் தடக் கடிகாரமும்

பெயர்களை ஆராயுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கருனி ஆவணங்களில் 'கிளாக் சோர்ஸ்' என்பது வன்பொருளில் இடையறாது ஏறிக்கொண்டிருக்கும் ஓர் எண்ணியைக் குறிக்கும். அது தன் எல்லையை எட்டியதும் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். நொடிக்குப் பத்துக் கோடி முறை ஏறும் 32 இருமக் கூறுகள் கொண்ட எண்ணியொன்று ஏறத்தாழ 43 நொடியில் ஒரு சுற்றை முடித்துவிடும். இத்தகைய மூலத்திலிருந்து கணிப்பொறி தன் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது.

தடக் கடிகாரம் என்பது பதிவில் இடவேண்டிய எண் எங்கிருந்து, எவ்வாறு பெறப்படுகிறது என்னும் விதியாகும். ஒரே வன்பொருள் எண்ணியைப் பயன்படுத்தியும் வேறுபட்ட தடக் கடிகாரங்கள் அமையலாம். முன்னதைக் 'கடிகார மூலம்' என்றும், பின்னதைத் 'தடக் கடிகாரம்' என்றும் தமிழில் பிரித்து வழங்குவது தேவை. இரண்டையும் 'கடிகாரம்' என ஒரே சொல்லால் குறித்தால், ஒன்றை மாற்றும்போது மற்றொன்றும் மாறுவதாகப் படிப்பவர் எண்ணுவர்.

4. பெயர்களும் அவை தரும் உறுதிகளும்

4.1 லோக்கல், குளோபல்

'லோக்கல்' என்பதை 'உள்ளூர்' என்று பெயர்ப்பது இயல்பு. 'உள்ளூர் நேரம்' என்னும் தொடர் தமிழில் ஏற்கெனவே வழக்கிலுள்ளது. அது இடத்துக்கு இடம் வேறுபடும் நேரத்தை, நம் நாட்டைப் பொறுத்தவரை இந்தியத் திட்ட நேரத்தைக் குறிக்கும். 'குளோபல்' என்பதை 'உலகளாவிய' என்று பெயர்த்தால் உலகப் பொதுநேரம் என்னும் எண்ணம் உடன்தோன்றும். இவ்விரு பெயர்ப்புகளும் தம்முள் பொருந்தி அமைவதால் பிழை புலப்படுவதில்லை.

தடப்பதிவில் இவ்விரண்டுக்கும் ஊரோடும் உலகோடும் தொடர்பில்லை. 'லோக்கல்' என்பது நிகழ்ச்சி நடந்த செயலகம் தன் கணக்கிலேயே பார்க்கும் நேரம். வேறு குறிப்பில்லாதபோது வழங்கும் கடிகாரம் இதுவே. விரைவானது, ஆயின் செயலகத்துக்குச் செயலகம் வேறுபடக்கூடும். 'குளோபல்' என்பது ஒரே கணிப்பொறியிலுள்ள எல்லாச் செயலகங்களுக்கும் பொதுவாக அமையும் நேரம். கடைசியாகத் தரப்பட்ட நேரத்தை நினைவில் வைத்து, அடுத்துத் தரும் நேரம் அதற்குப் பின்தங்காதவாறு இது பார்த்துக்கொள்கிறது. இவற்றைத் 'தன்செயலகக் கடிகாரம்' என்றும் 'பொதுக் கடிகாரம்' என்றும் விளக்கினால் எல்லை எதுவென்பது தெளிவாகும்.

'குளோபல்' கடிகாரத்தைப் பற்றிய விளக்கத்தில் மற்றொரு கண்ணியும் உண்டு. அது 'லோக்கல்' கடிகாரத்தைவிடச் சற்று மெதுவானதாக இருக்கக்கூடும் என ஆவணம் கூறுகிறது. தமிழில் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்றால் அது காட்டும் நேரம் பிந்துகிறது என்றே பொருள்படும். ஆவணம் கருதுவதோ, அக்கடிகாரத்தைப் பார்க்க ஆகும் நேரம் கூடுதல் என்பதையே. 'மெதுவான கடிகாரம்' என்று பெயர்த்தால், சரியான முன்பின் வரிசையைத் தருவதற்கென்றே அமைந்த கடிகாரத்தைப் பிழையான கடிகாரமென்று பயனர் ஒதுக்கிவிடுவார். 'இதனைப் படிப்பதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும்' என்று வாக்கியத்தை விரித்து எழுதுவதே தகும்.

4.2 கவுண்ட்டர்

இது கடிகாரமே அன்று என ஆவணமே வெளிப்படையாகக் கூறுகிறது. ஒவ்வொரு முறை படிக்கப்படும்போதும் ஒன்று கூடும் எண் இது. எல்லாச் செயலகங்களும் ஒரே எண்ணியைப் பகிர்ந்துகொள்வதால், எந்த நிகழ்ச்சி முன், எது பின் என்பதை ஐயமின்றி அறியலாம். எத்தனை நேரம் கழிந்தது என்பதை மட்டும் அறிய இயலாது. 41க்கும் 42க்கும் இடையே ஒரு மைக்ரோநொடியும் இருக்கலாம். ஒரு மணி நேரமும் இருக்கலாம்.

நேரத்தை அளவிடாமல் வரிசையை மட்டும் காக்கும் இவ்வகைக் கணக்கின் பயனை, பல கணிப்பொறிகள் இணைந்து இயங்கும் அமைப்புகளை முன்னிட்டு லெஸ்லி லாம்போர்ட் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். மொழியியலாளர்க்கு இக்கருத்து புதியதன்று. 'எழுந்து, குளித்து, உண்டு சென்றான்' என்னும் தொடரிலுள்ள செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சங்கள் வினைகளின் வரிசையைத் தருகின்றன. இடையே கழிந்த நேரத்தைத் தருவதில்லை. வினைமுற்றிலுள்ள காலவிடைநிலை ஒன்றே அவ்வரிசை முழுவதையும் பேசும் கணத்தோடு இணைக்கிறது. 'கவுண்ட்டர்' முடிப்பதற்கு வினைமுற்று இல்லாத வினையெச்சத் தொடரைப் போன்றது.

'கவுண்ட்டர்' என்னும் சொல் பேச்சுத் தமிழில் பயணச்சீட்டு தரும் சாளரத்தைக் குறிப்பதால் விளக்கத்தில் அதனைத் தவிர்த்து 'வரிசை எண்ணி' என்று வழங்கலாம். 'எண்ணி' என்பதனோடு 'வரிசை'யையும் சேர்ப்பதால், அது தரும் உறுதி இன்னதென்பது பெயரிலேயே புலப்படும்.

4.3 அப்டைம், பூட்

இவ்விரண்டும் கணிப்பொறி இயங்கத் தொடங்கிய கணத்திலிருந்து கணக்கிடப்படுபவை. எனவே இரண்டையும் 'தொடக்கம் முதலான நேரம்' எனப் பெயர்க்க இடமுண்டு. ஆயினும் இவை வேறு வேறு. 'அப்டைம்' என்பது 'ஜிஃபி' எனப்படும் துடிப்புகளை எண்ணுவது. நொடிக்கு 250 துடிப்பு என அமைக்கப்பட்ட கருனியில் ஒரு துடிப்பு 4 மில்லிநொடி. அதற்குட்பட்ட நிகழ்ச்சிகள் யாவும் ஒரே நேரக்குறியைப் பெறும். 'பூட்' நுண்ணிய அளவில் கணக்கிடுவது. அன்றியும் கணிப்பொறி உறக்கநிலையில் கழித்த நேரத்தையும் சேர்த்துக்கொள்வது. அதனை 'உறக்கம் உட்பட்ட தொடக்கக் கடிகாரம்' எனலாம். பெயர் நீண்டதாயினும் வேறுபாட்டைக் காக்கிறது.

4.4 மோனோ, மோனோ ரா

'மானோடானிக்' என்னும் கணிதச் சொல்லுக்கு 'ஓரியல்பு' என்பது தமிழ்ப் பாடநூல் வழக்கு. ஏறிக்கொண்டே செல்வதும் ஓரியல்பே. இறங்கிக்கொண்டே செல்வதும் ஓரியல்பே. கடிகாரத்தைப் பொறுத்தவரை முன்னது மட்டுமே கருதப்படுகிறது. பயனர் தேதியைத் திருத்தினாலும் பின்னோக்கிச் செல்லாது என்பதே இக்கடிகாரம் தரும் உறுதி. ஆகவே 'பின்செல்லாக் கடிகாரம்' என்பது பொருத்தமாகும்.

ஆனால் 'மோனோ' ஒரே சீரான வேகத்தில் ஓடுவதாகக் கொள்ளுதல் கூடாது. பிணையத்தின் வழியே நேரத்தைச் சரிசெய்யும் என்.டி.பி. முறை அதன் வேகத்தைச் சிறிது கூட்டவோ குறைக்கவோ செய்யும். 'மோனோ ரா' அத்திருத்தத்துக்கு உட்படாமல் வன்பொருளின் வேகத்திலேயே செல்வது. 'ரா' என்பதற்குப் 'பச்சை', 'கச்சா' என்னும் அகராதிப் பொருள்கள் இங்கே பயன்படா; 'வேகம் திருத்தப்படாத' என்பதே கருத்து. திருத்தப்படாதது என்றதனால் குறையுடையது என்று கொள்ளவும் இடந்தரலாகாது.

'மோனோ' உறக்கநிலை நேரத்தைக் கணக்கிற் கொள்ளாது, 'பூட்' கொள்ளும். இவ்வேறுபாடு சிறியதெனத் தோன்றலாம். 2018ஆம் ஆண்டில் 4.17ஆம் பதிப்பு உருவாகிக்கொண்டிருந்தபோது, இவ்விரு கடிகாரங்களும் ஒன்றாக்கப்பட்டன. தடப்பதிவிலும் அவ்வாறே செய்யப்பட்டது. அதன்பின் கணிப்பொறி உறங்கி எழுந்ததும் பின்னணிப் பணிகள் சில நிறுத்தப்படுவதாகத் தெரியவந்தது. பணிகள் உரிய இடைவெளியில் குறிப்புத் தருகின்றனவா என்று கண்காணிக்கும் நிரல், உறங்கிய நேரத்தையும் அவை பேசாதிருந்த நேரமாகக் கணக்கிட்டு, செயலிழந்தவையெனக் கருதி அவற்றை நிறுத்தியது. பதிப்பு வெளிவருமுன்னரே அவ்விணைப்புக் கைவிடப்பட்டது. இரு பெயர்களை ஒரு பொருளுடையனவாகக் கொள்வதன் விளைவை நிரலிலேயே காட்டிய நிகழ்ச்சி இது. மொழிபெயர்ப்பில் இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லை வழங்குவதும் இத்தகைய இணைப்பே ஆகும்.

4.5 டாய்

இதுவரை கூறிய கடிகாரங்கள் கணிப்பொறிக்கு வெளியேயுள்ள நாட்காட்டியைச் சுட்டுவதில்லை. 'டாய்' பன்னாட்டு அணு நேரத்தைச் சுட்டுவது. புவியின் சுழற்சியோடு பொருந்துவதற்காக ஒருங்கிணைந்த உலக நேரத்தில் 1972ஆம் ஆண்டு முதல் 27 முறை மிகை நொடி சேர்க்கப்பட்டுள்ளது. இறுதியாகச் சேர்க்கப்பட்டது 2016 டிசம்பர் 31ஆம் நாள் முடிவில். இந்தியத் திட்ட நேரப்படி அது 2017 சனவரி 1 காலை 5 மணி 29 நிமிடம் 60ஆவது நொடி. அத்தகைய நொடி வரும்போது நாட்காட்டி நேரம் ஒரு நொடி பின்வாங்க நேர்கிறது. அணு நேரத்தில் இக்குறை இல்லை. இவ்விரு நேரங்களுக்குமிடையே 2017 முதல் 37 நொடி வேறுபாடு உள்ளது. 2035ஆம் ஆண்டிற்குள் மிகை நொடி முறையில் மாற்றம் செய்வதென 2022ஆம் ஆண்டில் எடைகள், அளவைகளுக்கான பன்னாட்டுப் பொதுமாநாடு முடிவு செய்தது.

'அணு நேரம்' என்று பெயர்த்தவுடன், கணிப்பொறிக்குள் அணுக்கடிகாரம் இருப்பதாகவோ காட்டும் நேரம் தவறே செய்யாததாகவோ கொள்ளுதல் பொருந்தாது. கணிப்பொறியின் நாட்காட்டி நேரத்திலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவதே இது. 37 நொடி வேறுபாடு கருனிக்கு அறிவிக்கப்படாதவரை அது சுழியமாகவே கொள்ளப்படும். நேரம் திருத்தப்படும் கணத்தில் அரிதாகப் பிழையான குறி விழக்கூடும் எனவும் ஆவணம் எச்சரிக்கிறது.

4.6 பெயரும் முகவரியும்

'பெர்ஃப்' என்பதைச் 'செயல்திறன் கடிகாரம்' எனப் பெயர்ப்பது தவறு. அது மற்றோர் ஆய்வுக் கருவியின் பெயர். அக்கருவி பயன்படுத்தும் கடிகாரமே இங்கும் பயன்படுகிறது என்பதே கருத்து. இரு கருவிகளின் பதிவுகளையும் ஒரே வரிசையில் இணைத்துப் பார்க்க இது உதவும். அவ்வாறே 'எக்ஸ்86-டிஎஸ்சி' இன்டெல் வகைச் செயலகத்தின் சுழற்சி எண்ணியைக் குறிக்கும் பெயர். இதுவும் 'கவுண்ட்ட'ரும் நொடிக்கணக்கில் மாற்றப்படாமல் வெறும் எண்ணாகவே பதிவில் தோன்றும்.

5. ஐயப்பொருளைப் பெயர்த்தல்

கடிகாரப் பகுதியில் 'மே' என்னும் துணைவினை பலமுறை வருகிறது. 'லோக்கல்' செயலகங்களுக்கிடையே ஒத்திராமல் இருக்கக்கூடும் என்பது ஆவணத்தின் கூற்று. இது எழுதியவரின் தயக்கம் அன்று. சில கணிப்பொறிகளில் எல்லாச் செயலகங்களின் எண்ணிகளும் ஒத்தே ஓடும், சிலவற்றில் ஓடா. கடிகாரம் நிலையற்றது எனத் தொடக்கத்தில் அறியவரின், கருனி தானே 'குளோபல்' கடிகாரத்துக்கு மாறி அதனை அறிவிக்கவும் செய்கிறது. எனவே அவ்வையப்பொருள் கருத்தின் ஒரு பகுதியாகும்.

தமிழில் இதனைப் பெயர்க்கும் வழிகளைப் பின்வரும் தொடர்களால் ஒப்பிடலாம்.

(1) செயலகங்களுக்கிடையே ஒத்திசையாது.
(2) செயலகங்களுக்கிடையே ஒத்திசையக் கூடாது.
(3) செயலகங்களுக்கிடையே ஒத்திசையாமல் இருக்கலாம்.
(4) செயலகங்களுக்கிடையே ஒத்திசையாமற் போகக்கூடும்.

(1) ஐயத்தை நீக்கி எதிர்மறையை உறுதியாக்கிவிடுகிறது. (2) முற்றிலும் வேறுபட்ட பொருள் தருவது. 'கூடும்' என்பது இயலுமையை உணர்த்த, அதன் எதிர்மறையாகத் தோன்றும் 'கூடாது' தடையை உணர்த்துகிறது. ஆகவே எதிர்மறையைத் துணைவினையில் அமைத்தல் இங்குப் பொருந்தாது. (3) பிழையற்றது. எனினும் '-லாம்' இசைவு, பரிந்துரை, இயலுமை ஆகிய மூன்றையும் உணர்த்தவல்லது. 'இக்கடிகாரத்தைப் பயன்படுத்தலாம், இது பிழை காட்டலாம்' என்று அடுத்தடுத்து வரும்போது முதலாவது பரிந்துரை, இரண்டாவது எச்சரிக்கை, வடிவமோ ஒன்றே. செயல்முறை ஆவணத்தில் '-லாம்' வடிவத்தை இசைவுக்கும் பரிந்துரைக்கும் ஒதுக்கி, நேரக்கூடியவற்றுக்கு (4)இல் உள்ள வடிவத்தைப் பின்பற்றினால் மயக்கம் நீங்கும்.

6. பெயர்ப்பு நெறிகள்

மேற்கூறியவற்றால் பெறப்படும் நெறிகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவதாக, கடிகாரத்தின் பெயர் பயனர் எழுத்துப் பிசகாமல் தட்டச்சிட வேண்டிய ஆணையின் பகுதி. வேறெழுத்தில் எழுதினால் கருனி அதனை ஏற்காது. எனவே பெயரை உள்ளவாறே வைத்து, அதன் அருகில் தமிழ் விளக்கச்சொல்லைத் தரவேண்டும்.

இரண்டாவதாக, விளக்கச்சொல் பெயரின் அகராதிப் பொருளிலிருந்து பிறவாமல், அக்கடிகாரம் தரும் உறுதியிலிருந்து பிறக்கவேண்டும். எதனோடு ஒத்திருக்கும், எப்போது நிற்கும், எதனால் திருத்தப்படும் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே சொல்லைத் தெரிதல் வேண்டும்.

மூன்றாவதாக, சுட்டும் புள்ளி வேறுபடுவதைக் காக்கவேண்டும். வினையின் காலத்தை விளக்க நிகழ்ச்சி, பேசும் கணம், நோக்குப் புள்ளி என மூன்றைப் பிரித்துக் காட்டினார் ஹான்ஸ் ரைக்கன்பாக் (1947). அதுபோலவே தடக் கடிகாரங்களும் எதனை நோக்கி அளக்கின்றன என்பதனால் பிரிகின்றன. 'கவுண்ட்டர்' பிற நிகழ்ச்சிகளை மட்டும் நோக்குகிறது. 'அப்டைம்', 'பூட்' முதலியன கணிப்பொறி தொடங்கிய கணத்தை நோக்குகின்றன. 'டாய்' வெளியுலக நாட்காட்டியை நோக்குகிறது. 'நேரம்' என்னும் ஒரே சொல் இம்மூன்றுக்கும் போதாது. முதலாவதற்கு 'வரிசை', இரண்டாவதற்குக் 'கழிந்த நேரம்', மூன்றாவதற்கு 'நாட்காட்டி நேரம்' என்று வழங்குவது நலம்.

நான்காவதாக, ஆவணம் கூறும் குறைகளையும் விலக்குகளையும் சுருக்கத்தின் பொருட்டு விட்டுவிடலாகாது. கடிகாரத்தைத் தெரிந்தெடுப்பவர்க்கு நிறைகளைவிடக் குறைகளே வழிகாட்டுவன.

7. முடிவுரை

தடப்பதிவைப் படிப்பவர் நிகழ்ச்சியை நேரிற் காண்பதில்லை; நேரக்குறிகளை நம்பியே எது எதற்குக் காரணம் என முடிவு செய்கிறார். அக்குறிகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை அவருக்குச் சொல்வது ஆவணம் ஒன்றே. அதனைத் தமிழில் தருபவர் 'உள்ளூர்', 'உலகளாவிய', 'மெதுவான' என்னும் பழகிய சொற்களால் நிறைவடைந்தால், ஆவணம் தமிழில் இருந்தும் அதன் செய்தி தமிழரை அடைந்ததாகாது. சொல் பழகியதாக இருக்குமிடத்தில் அதன் துறைப்பொருளை மறுமுறை ஆராய்தல் மொழிபெயர்ப்பாளரின் கடமை. கருனியின் பிற பகுதிகளை விளக்கும் ஆவணங்களிலும் 'உறக்கம்', 'விழிப்பு', 'பூட்டு', 'வரிசை' போன்ற எளிய சொற்கள் சிறப்புப் பொருளில் பயில்கின்றன. அவற்றையும் இம்முறையில் ஆராய்ந்து, தரும் உறுதியின் அடிப்படையில் சொல்தொகுதி அமைப்பது அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.